மிக்கேல்ராஜ் சொல்லாமல் விட்டது

கொழிஞ்சாம்பாறையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த மிக்கேல்ராஜுக்கு, அந்த வட்டாரத்தில் ஃபிரிட்ஜ் வாங்கிய ஒருவரையும் பிடிக்காது. மொத்தமே இருபத்திரண்டு வீடுகள்தான். அந்த இருபத்திரண்டு பேரையும் அவன் மனதுக்குள் தனித்தனியாக நிற்க வைத்து இகழ்ந்திருக்கிறான். ஒருவர் ஃபிரிட்ஜுக்குள் பட்டு வேட்டிகளை மடித்து வைத்திருந்தார். இன்னொருவர் அதைப் பூஜையறையில் சாமி படங்களுக்கு நடுவே நிறுத்திப் பொட்டும் வைத்திருந்தார். மழைக்காலம் முழுக்க, குளிர்தான் வெளியிலேயே இருக்கிறதே என்று அணைத்துப் போட்டுப் பூஞ்சணம் பிடிக்க விட்ட வீடும் உண்டு.

அவன் பழகிய இடம் வேறு. மூணாறு மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஒர்க்‌ஷாப்பில் பதினெட்டு வருஷம் இருந்தவன். அங்கே மானேஜர் பங்களாக்களில் ஃபிரிட்ஜ் சமையல்கட்டை ஒட்டி நிழலில் நிற்கும். வெள்ளை உடுப்புப் போட்ட பட்லர் அதைத் துடைத்துத் துடைத்து வைப்பான். கரண்டு போனால் யாரும் சொல்லாமலே பிளக்கைப் பிடுங்குவான். மனைவி செபமாலையம்மாளுக்கு மலைக்குளிரில் இழுப்பு அதிகமாகி, டாக்டர் கீழே இறங்கிவிடச் சொன்னார். அவளுடைய அண்ணன் கொழிஞ்சாம்பாறையில் சைக்கிள் கடை வைத்திருந்ததால் இங்கே வந்து சேர்ந்தார்கள். அவளுக்கு மூச்சு சீரானது. இவனுக்குத்தான் ஊர் ஒட்டவில்லை.

எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம் எருத்தேன்பதியிலிருந்து ஆள் வந்தது. தென்னந்தோப்பும் கடலைக்காடும் மூன்று பம்புசெட்டும் உள்ள சென்னியப்பன் வீட்டில் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டதாம். வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறதாம்.

மிக்கேல்ராஜ் சைக்கிளில் கிளம்பினான். கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று பனைமரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. காய்ந்த மட்டைகள் மின்கம்பியில் உரசின. கம்பியும் கம்பியும் மோதிப் பொறி பறந்தது. இந்த மாதிரி நாளில் கரண்டு போகும், கண்ணை மூடித் திறப்பதற்குள் வரும், மறுபடியும் போகும். எதிர்க்காற்றில் மிதிக்க முடியாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவனுக்கு, வீடு வந்து சேருமுன்பே என்ன எரிந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது.

ஃபிரிட்ஜ் ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தின் நடுவில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி நின்றது. மேலே பூவேலை செய்த துணி. துணியின் மேல் பிளாஸ்டிக் ரோஜா. திறந்து பார்த்தான். நான்கு பாட்டில் தண்ணீர், ஒரு எலுமிச்சம்பழம், வாடிப்போன மல்லிகைச் சரம் ஒன்று. இத்தனைக்காகத்தானா என்று நினைத்தபோது அவன் உதடு தானாகக் கோணியது.

சென்னியப்பன் நாற்காலியில் சாய்ந்தபடி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் அந்த எஸ்டேட்டு மெக்கானிக்கா? பொள்ளாச்சில எங்க சம்மந்தி ஊட்டுல இதே பொட்டி நாலு வருசமா ஓடுது. இது எட்டு மாசத்துல படுத்துக்கிச்சு."

"கரண்டு போயிட்டு ஒடனே வந்துச்சாய்யா?"

"அது தெனமும் நூறுவாட்டி போகும், வரும். வந்தா ஓட வேண்டீதுதானே? பேன் ஓடுது, லைட்டு எரியுது. இதுக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்குது?"

மிக்கேல்ராஜ் பெட்டியைத் திருப்பி, அடியில் இருந்த கறுப்பு உருண்டையைத் தொட்டுப் பார்த்தான். அதற்குள்தான் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒன்றாக வைத்து மூடப்பட்டிருக்கும். யூனிட் என்பார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தான். மோட்டாரில் செம்புக்கம்பி சுற்றிய காயில் கருகியிருந்தது.

காரணம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஃபிரிட்ஜ் ஓடும்போது குழாயின் ஒரு பக்கம் கேஸ் இறுகி நிற்கும், மறுபக்கம் தளர்ந்து கிடக்கும். கரண்டு போய் மோட்டார் நின்றதும், மயிரிழை மாதிரியான ஒரு குழாய் வழியாக அந்த இறுக்கம் மெல்ல மெல்லக் கசிந்து இரண்டு பக்கமும் சமமாகும். அதற்கு நாலைந்து நிமிஷம் பிடிக்கும். அதற்குள் கரண்டு வந்துவிட்டால், மோட்டாரால் அந்த இறுக்கத்தை எதிர்த்துச் சுற்ற முடியாது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு கரண்டை இழுத்துச் சூடாகும். பாதுகாப்புக்கு வைத்திருக்கும் சின்ன சுவிட்சு ஒன்று 'டிக்' என்று அறுத்துவிடும். ஆறினதும் மறுபடி சேரும். ஊரில் உள்ள பம்புசெட்டுகளை எல்லாம் ஒரே சமயத்தில் போட்டு வோல்டேஜ் கீழே போயிருக்கிற நேரமானால் இன்னும் மோசம். நாள் முழுக்க இப்படி முக்கி முக்கிச் சூடானால் எந்தக் காயிலும் தாங்காது. கரண்டு போனவுடன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வந்த பிறகு ஐந்து நிமிஷம் பொறுத்துப் போட்டால் போதும். அவ்வளவுதான் விஷயம்.

அதைச் சொல்ல வாயைத் திறந்தான். சென்னியப்பன் முந்திக்கொண்டார்.

"எஸ்டேட்டுல என்ன வேலை பாத்தே நீ? கொழுந்து மூட்டை தூக்குனவனெல்லாம் எறங்கி வந்து மெக்கானிக்குங்கறான். பாத்துப் பண்ணு. நல்லாருக்கற பொட்டியக் கெடுத்துப் போடாதே."

மிக்கேல்ராஜ் வாயை மூடிக்கொண்டான். மூட்டை தூக்கியவர் அவன் தாத்தா. திருநெல்வேலிச் சீமையிலிருந்து நடந்தே மலையேறிய மனிதர். இவரைப் போன்ற ஆளுக்கு ஐந்து நிமிஷத்து ரகசியத்தைத் தானமாகக் கொடுப்பதா? எரியட்டும், மறுபடியும் எரியட்டும் என்று நினைத்துக்கொண்டே யூனிட்டைக் கழற்றினான்.

கோயமுத்தூரில் கொடுத்துக் காயில் கட்டி வாங்கிப் பத்தாம் நாள் கொண்டுவந்து மாட்டினான். கேஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அடுப்படி வாசலில் ஒரு வெள்ளைச் சேலை தெரிந்தது. சென்னியப்பனின் அக்கா கருப்பாத்தாள். ஐம்பது வயதிருக்கும். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தம்பி பொண்டாட்டி நோவாளி என்பதால் அந்த வீட்டில் பொங்குவது, பெருக்குவது, மாடு கறப்பது எல்லாம் அவள்தான். ஃபிரிட்ஜைத் திறப்பதும் மூடுவதும்கூட.

"ஏனுங்க, இது எதுனால எரிஞ்சு போச்சுங்க?" என்று கேட்டாள்.

மிக்கேல்ராஜ் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"உள்ள பிரஷர் கோளாறும்மா. ஒங்களுக்குச் சொன்னா வெளங்காது."

அவள் எட்டிப் பெட்டியின் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மூன்றே வாரம். மறுபடியும் ஆள் வந்தது. இந்தத் தடவை மிக்கேல்ராஜ் காற்றைப் பொருட்படுத்தாமல் சந்தோஷமாகவே மிதித்துக்கொண்டு போனான்.

ஆசாரத்தில் சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார். ஆனால் அவர் கத்தியது மிக்கேல்ராஜைப் பார்த்து அல்ல.

"பொழுதன்னைக்கும் தொறந்து தொறந்து மூடுனா எந்தப் பொட்டி நிக்கும்? உன்ர கை பட்டது எதுதான் வெளங்கியிருக்குது? போன ஊட்டையும் தொடச்சுட்டு வந்தே, இப்ப இங்க வந்து ஒவ்வொண்ணா அணைச்சிட்டு இருக்கறே."

கருப்பாத்தாள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். தம்பி பேசுவதைக் கேட்டுக்கொண்டு, மிக்கேல்ராஜையே பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்லுவான் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. மெக்கானிக் இவன்தானே.

கதவைத் திறந்து மூடுவதால் காயில் எரியாது என்று மிக்கேல்ராஜுக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. அதே சமயம் வேறொன்றும் தோன்றியது. இந்தக் கூட்டமே இப்படித்தான். மோட்டார் எரிந்தால் கைராசி பார்க்கிற ஜனம். இதுகளோடு நமக்கு என்ன பேச்சு? அவன் குனிந்து பெட்டியின் பின்பக்கத் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தான்.

"நீ ஒண்ணும் கழட்ட வேண்டாம்," என்றார் சென்னியப்பன். "உன்ர லட்சணந்தான் மூணு வாரத்துல தெரிஞ்சு போச்சே. கோயமுத்தூருல இருந்து கம்பெனி ஆள வரச் சொல்லியிருக்கறேன்."

"வரச் சொல்லுங்க. நல்லாப் பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைப் பையில் போட்டான்.

கம்பெனி ஆள் காரில் வந்தான். டை கட்டியிருந்தான். பழைய யூனிட்டைத் தூக்கிவிட்டுப் புத்தம் புதிது மாட்டினான். வோல்டேஜ் ஏறி இறங்குவதால்தான் எல்லாம் என்று சொல்லி, விளக்கு வைத்த ஒரு ஸ்டெபிலைசரையும் தலையில் கட்டிவிட்டுப் போனான். இரண்டு நாள் கழித்துக் கருப்பாத்தாளை அவளுடைய புருஷன் வீட்டுக்கே, மீனாட்சிபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பூட்டிக் கிடந்த பழைய ஓட்டு வீடு. இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு, துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போனாளாம்.

டீக்கடையில் இதையெல்லாம் கேட்ட மிக்கேல்ராஜ் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"ஸ்டெபிலைசர் வோல்டேஜப் பாத்துக்கிடும். கரண்டு ஒடனே வந்து விழுதத அது எப்பிடித் தடுக்கும்? ஐப்பசி இடிமழை வரட்டும். அப்ப தெரியும் டை கட்டுனவன் லட்சணம்."

"அப்பிடீன்னா என்னதான் பண்ணோணும்?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"அது தொழில் ரகசியம்," என்றான்.

ஐப்பசியில் மின்னலும் இடியுமாக மழை இறங்கியது. கரண்டு கண்ணாமூச்சி ஆடியது. மூன்றாவது தடவையாக, அந்தப் புது யூனிட்டும் எரிந்தது. இடியும் மழையும் எங்கள் கணக்கில் வராது என்று கம்பெனி கடிதம் எழுதிவிட்டதாம். மிக்கேல்ராஜ் அன்றைக்கு வீட்டுக்கு ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு போனான்.

அந்த வாரமே மீனாட்சிபுரம் பக்கம் ஒரு பால் சொசைட்டியில், மாட்டு மருந்து வைக்கிற சின்ன ஃபிரிட்ஜுக்குக் கதவு ரப்பர் மாற்றும் வேலை வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்தால், பால் ஊற்றுகிறவர்களின் வரிசையில் தூக்குப்போசியோடு கருப்பாத்தாள் நின்றிருந்தாள். அவனைக் கண்டுகொண்டாள்.

"நல்லாருக்கீங்களா? தம்பி ஊட்டுல அந்தப் பொட்டி ஓடுதுங்களா?"

"எங்கம்மா, மூணாவது தடவையும் எரிஞ்சு போச்சு," என்றான். சொல்லும்போது குரலில் குஷி வந்துவிட்டது.

அவள் போசியைக் கீழே வைத்தாள்.

"நான் அங்க இல்லாமயா?"

மிக்கேல்ராஜுக்குக் குஷி நின்றுவிட்டது. வரிசையில் நின்ற இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப எதுனால எரியுதுங்க? வெளங்காட்டியும் பரவால்ல, சொல்லுங்க."

தவிர்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஏத்தத்துல பாரம் ஏத்துன வண்டி ஒண்ணு நிக்குன்னு வையுங்க. ஓடிட்டு இருந்த மாடு நின்னு போச்சு. ஒடனே சாட்டையப் போட்டு இழுக்கச் சொன்னா இழுக்குமா? முட்டி போட்டு விழுந்துரும். பாரத்த எறக்கிட்டுத்தான் இழுக்கணும். உள்ள இருக்குத கேஸும் அப்பிடித்தான். கரண்டு போயி அஞ்சு நிமிசத்துல அதுவாவே பாரம் எறங்கிரும். அதுக்குள்ள கரண்டு வந்துட்டா, மோட்டார் சுத்த முடியாமச் சூடாகி எரிஞ்சிரும். கரண்டு போனதும் பிளக்கப் புடுங்கிரணும். வந்தப்பறம் அஞ்சு நிமிசம் கழிச்சுப் போடணும்."

"அந்த 'உம்'முனு மொனகீட்டு 'டிக்'குனு நிக்கறது அதுதானுங்களா?"

"அதேதான்."

"அடுப்படில இருந்து தெனமும் கேட்டுட்டுத்தான் இருந்தனுங்க. என்னமோ நோவுல மொனகறாப்பல இருக்குதுன்னு நெனப்பேன்." போசியின் மூடியை அழுத்தி மூடினாள். "இம்புட்டுத்தானா? பிளக்கப் புடுங்கு, அஞ்சு நிமிசம் பொறு. இதச் சொல்றதுக்கு என்னுங்க கஷ்டம் உங்களுக்கு?"

"ஒங்க தம்பி என்னைய ஒரு மனுசனாவே மதிக்கலம்மா. கூலிக்காரன்னாரு. அதான்…"

"அவன் மதிக்கல. சரி. நான் என்ன பண்ணுனனுங்க உங்கள?"

வரிசை நகர்ந்தது. கருப்பாத்தாள் போசியை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். போகும்போது அவனை ஒரு தடவை பார்த்தாள். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பான். பூஜையறையில் ஃபிரிட்ஜுக்குப் பொட்டு வைத்த ஆளை அவன் எப்படிப் பார்த்தானோ, அப்படிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து செபமாலையம்மாளிடம் சொன்னான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா கேக்குறதுல என்ன தப்பு?" என்றாள் முறத்தை நிறுத்தாமலே. "மலையில பட்லர் பிளக்கப் புடுங்குனான்னா, அவனுக்கு ஆராவது சொல்லிக் குடுத்திருப்பாகல்ல?"

மறுநாள் யாரும் கூப்பிடாமலே எருத்தேன்பதிக்குப் போனான். எரிந்த யூனிட்டைத் தானே காயில் கட்டிக் கொண்டுவந்து மாட்டித் தருவதாகச் சொன்னான். சென்னியப்பன் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் கம்பெனியும் கைவிட்டுவிட்டது; பொள்ளாச்சிச் சம்பந்தி வீட்டார் அடுத்த வாரம் வருகிறார்கள். சரி என்றார்.

எட்டாம் நாள் மாட்டி ஓட விட்டான். அரை மணி நேரம் ஓடியது. சென்னியப்பனை அருகே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினான். மூன்று எண்ணுவதற்குள் மறுபடி செருகினான்.

'உம்' என்று ஒரு முனகல். 'டிக்'. நிசப்தம்.

"கேட்டீகளா? காயில எரிக்குதது இதுதான்." பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். "இப்ப அஞ்சு நிமிசம் பொறுக்கணும்."

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் துளியும் பிடிக்காத இரண்டு பேருக்கு ஐந்து நிமிஷம் ரொம்ப நீளம். சென்னியப்பன் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். மிக்கேல்ராஜ் பிளக்கின் பித்தளைக் கால்களை விரலால் தேய்த்தான். இரண்டாவது நிமிஷத்தில் சென்னியப்பன் வாயைத் திறந்தார்.

"அப்ப, தொறந்து மூடுறதுனால எரியல."

"இல்லய்யா."

"எங்கக்கா மேல தப்பில்ல."

"இல்லய்யா. மொதல்லயே தெரியும் எனக்கு."

சென்னியப்பனின் முகம் சிவந்தது. "தெரிஞ்சுட்டேவா அன்னைக்கு மரமாட்டம் குனிஞ்சுட்டு நின்னே? நான் அவளப் பேசற பேச்செல்லாம் கேட்டுட்டு?"

"ஆமா."

"நீயெல்லாம் ஒரு மனுசனா?"

கேட்டவர் யார் என்பதை நினைத்தால் மிக்கேல்ராஜுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அக்காவைத் துணிமூட்டையோடு நடக்க விட்டவர் கேட்கிற கேள்வி. திருப்பிக் கொடுக்க நல்ல பதில்கள் நாலைந்து இருந்தன. ஒன்றையும் எடுக்காமல் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து ஆனதும் பிளக்கைச் செருகினான். பெட்டி ஒரு குலுக்கல் குலுங்கி, சீராக ஓட ஆரம்பித்தது.

சென்னியப்பன் அன்றைக்கே வண்டி கட்டிக்கொண்டு மீனாட்சிபுரம் போனார். மிக்கேல்ராஜையும் ஏற்றிக்கொண்டார். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்தாரோ, தனியாகப் போகத் தைரியமில்லையோ.

கருப்பாத்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டு வீடு மெழுகிச் சுத்தமாக இருந்தது. தம்பி வண்டியிலிருந்து இறங்கி, தொண்டையைச் செருமினார்.

"பொட்டி எரிஞ்சது கரண்டுனாலயாம். மெக்கானிக்கு சொல்லீட்டான். நீ வா, ஊட்டுக்குப் போலாம். பொள்ளாச்சிக்காரங்க வர்றாங்க, அடுப்படில ஆளில்ல."

அவள் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"இவரு வந்து சொல்லலீன்னா?"

சென்னியப்பன் வண்டி மாடுகளின் பக்கம் திரும்பினார்.

"ஒரு பொட்டி எரிஞ்சதுக்கு என்ர கையக் குத்தஞ் சொன்னே. நாளைக்கு மாடு நோவெடுத்தா என்ன சொல்லுவே, மழை பேயலீன்னா என்ன சொல்லுவே? நான் வல்லப்பா. இங்க என்ர கை நல்லாத்தான் இருக்குது. காலைல ஏழு படி, சாயங்காலம் அஞ்சு படி கறக்குது." மாட்டின் முதுகைத் தட்டினாள். "பொள்ளாச்சி ஒறம்பரைக்குச் சோறாக்க ஆள் வேணும்னா கூலிக்குப் பாரு. பிளக்கப் புடுங்க மறக்காமச் சொல்லு."

சென்னியப்பன் வண்டியில் ஏறிக்கொண்டார். மிக்கேல்ராஜ் ஏறவில்லை. அவரும் கூப்பிடவில்லை. வண்டி போய்விட்டது.

"உங்களுக்கு என்னுங்க?" என்றாள் கருப்பாத்தாள்.

"மன்னிச்சிருங்கம்மா."

அவள் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை முருங்கைமரத்தடியில் ஊற்றினாள்.

"சொசைட்டில ஒரு பொட்டிக்கு ரப்பர் மாத்துனீங்களே. அங்க யாருக்காச்சும் இதச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. சொசைட்டி செக்ரட்டரி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே ரசீதில் கையெழுத்துப் போட்ட ஆள். அந்த ஆளுக்கு எதற்கு என்று அன்றைக்கும் விட்டுவிட்டு வந்திருந்தான்.

"போயிச் சொல்லீட்டுப் போங்க. எங்க மாட்டு மருந்துதான் அதுக்குள்ள இருக்குது."

மிக்கேல்ராஜ் நடந்தான். சொசைட்டியில் செக்ரட்டரி இன்றைக்கும் பேப்பருக்குப் பின்னால்தான் இருந்தார். ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். "அப்பறம் வாப்பா," என்றது பேப்பர். அவரை மனதுக்குள் திட்டிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான். முன்வாசலில் பால் சிந்திய தரையைக் கழுவிக்கொண்டு ஒரு பெண் இருந்தாள்.

"ஏம்மா, ஆபீஸு மூடுற வரைக்கும் இங்க இருக்குதது ஆரு?"

"நாந்தானுங்க. காலைல நாலு மணிக்கு வந்துருவேன்."

"ஒம் பேரென்ன?"

"செல்லாத்தாளுங்க."

"கையத் தொடச்சிட்டு இங்க வா. ஒண்ணு சொல்லித் தாரேன்."

அவளை ஃபிரிட்ஜ் பக்கத்தில் நிறுத்தி, பிளக் எது, பிடுங்குவது எப்படி, அந்த முனகல் சத்தம் எப்படி இருக்கும், கடிகாரத்தில் பெரிய முள் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போகும் வரை எப்படிப் பொறுப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் முந்தானையைக் கையில் சுருட்டியபடி கேட்டாள்.

"எதுக்குங்க அம்புட்டு நேரம் பொறுக்கோணும்?"

அவன் வண்டியிலிருந்து ஆரம்பித்தான். ஏற்றம், பாரம், மாடு. அவள் இடையில் நிறுத்தி, மாடு எத்தனை என்று கேட்டாள். எத்தனை என்றால் என்ன என்று வாய் வரை வந்தது.

"ரெண்டு," என்றான் மிக்கேல்ராஜ். "ரெண்டு மாடு பூட்டுன வண்டி." மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.